நீரிழிவு முகாமைக் கடைசி மேசையிலிருந்து திட்டமிடுங்கள்

நீரிழிவு முகாம் நடத்தலாம் என்று ஒரு குழு உட்கார்ந்தால், பேச்சு பெரும்பாலும் "எத்தனை பேருக்கு டெஸ்ட் எடுக்கலாம்?" என்பதில்தான் தொடங்கும். அங்கிருந்து எத்தனை ஸ்ட்ரிப் (ரத்தத்துளி வைக்கும் பட்டை), எந்த மண்டபம், யார் சிறப்பு விருந்தினர் என்று போய்விடும். அதற்கெல்லாம் முன்னால் வேறு சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அன்று ஒருவருக்குச் சர்க்கரை 280 காட்டினால், மறுநாள் காலை அவர் எங்கே போவார்? அங்கே அவரை யார் பார்ப்பார்கள்? செலவு யாருடையது? இந்த மூன்றுக்கும் பெயரோடும் நேரத்தோடும் பதில் கிடைக்காதவரை தேதி குறிக்காதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2025இல் வெளியிட்ட அட்லஸின்படி, உலகில் 20 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ 58.9 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. அவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கும் மேல் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. அப்படியானால் கண்டுபிடித்துச் சொன்னாலே போதும் என்றுதான் தோன்றும். ஆனால் இங்கிலாந்தில் நடந்த அடிஷன்-கேம்பிரிட்ஜ் ஆய்வு, நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகமுள்ள 40 முதல் 69 வயதுக்காரர்கள் 20,000 பேரைச் சுமார் பத்தாண்டுகள் கவனித்தது. அதன் முடிவு 2012இல் வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவிலும் அழைக்கப்படாத குழுவிலும் இறப்பு விகிதம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மருத்துவமனைக்கு வெளியே நடத்தும் பொதுப் பரிசோதனையைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. அதிக அளவு வந்தவர்களை அனுப்பவும் அவர்களைத் தொடர்ந்து பார்க்கவும் முன்கூட்டியே ஏற்பாடு இருந்தால் மட்டும் செய்யலாம் என்கிறது.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு இத்தாலியின் பார்மா பகுதியில் இருக்கிறது. 1990களில் அங்கே பள்ளிகளில் சுவரொட்டி ஒட்டினார்கள். படுக்கையை நனைக்கும் பழக்கம் விட்டுப்போன குழந்தை திடீரென்று மறுபடி நனைக்கத் தொடங்கினால், அது முதல் வகை நீரிழிவின் தொடக்கமாக இருக்கலாம் என்பதே அதில் இருந்த முக்கியச் செய்தி. கூடவே அந்தப் பகுதியின் குழந்தை மருத்துவர்களுக்குச் சர்க்கரையை உடனே பார்க்கும் கருவிகளையும் கொடுத்தார்கள். நோய் கண்டுபிடிக்கப்படும்போதே கீட்டோஅமிலத்தன்மை என்ற ஆபத்தான நிலையில் வந்து சேரும் குழந்தைகளின் பங்கு 78 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைந்தது. செய்தியைக் கேட்ட பெற்றோர் போய்ச் சேர்ந்த இடத்தில் கருவியோடு ஒரு மருத்துவர் இருந்தார். அந்த இரண்டாவது பாதியைத்தான் நம் முகாம்கள் அடிக்கடி விட்டுவிடுகின்றன.

கடைசி மேசை

எட்டு முதல் பத்து வாரம் முன்னதாகவே அருகிலுள்ள மருத்துவமனையோடோ கிளினிக்கோடோ பேசுங்கள். "அனுப்புங்கள், பார்த்துக்கொள்கிறோம்" என்ற வாய்வார்த்தை போதாது. முகாமுக்குப் பிந்தைய இரண்டு வாரங்களில் எந்தெந்த நாளில் எத்தனை பேரைப் பார்ப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். 150 பேர் வரக்கூடிய முகாமுக்குக் குறைந்தது 20 இடங்கள் வேண்டும். ஆய்வகப் பரிசோதனைக்குக் கட்டணம் உண்டா, என்ன ஆவணம் கொண்டுவர வேண்டும், முதலில் எந்தக் கவுன்ட்டருக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் பரிந்துரைச் சீட்டிலேயே அச்சாகியிருக்கட்டும். சீட்டு இரண்டு பிரதியாக இருக்க வேண்டும். ஒன்று அவர் கையில், ஒன்று உங்களிடம்.

முகாமின் கடைசி மேசையில் உட்காருபவர் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, அளவு அதிகமாக வந்தவர் எழுந்து போவதற்கு முன்பே நாளும் நேரமும் குறித்துக் கொடுக்க வேண்டும். "ஒரு டாக்டரைப் போய்ப் பாருங்கள்" என்று அனுப்பப்பட்டவர்களில் பலர் போகவே மாட்டார்கள். உடம்பில் வலி ஏதும் இல்லை, வேலை இருக்கிறது, பயமும் இருக்கிறது. குறித்த நேரம் கையில் இருந்தால் போகும் வாய்ப்பு கூடும்.

இந்த மேசைக்கு உங்கள் குழுவில் மிகப் பொறுமையானவரை உட்கார வையுங்கள். "இத்தனை நாள் பார்க்காமல் ஏன் விட்டீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும், அந்த மனிதர் திரும்ப வரமாட்டார். இங்கே ஒருவருக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம் ஆகும். முகாம் தேங்கி நிற்பதும் பெரும்பாலும் இங்கேதான். ஆகவே ரத்தம் எடுக்கும் மேசைகள் மூன்று இருந்தால் ஆலோசனை மேசை குறைந்தது இரண்டு வேண்டும்.

யாருக்கு விரலில் குத்த வேண்டும்

வருகிற எல்லோருக்கும் குத்த வேண்டியதில்லை. முதலில் கேள்வித்தாள். பின்லாந்தில் உருவாகி 2003இல் வெளிவந்த ஃபின்ட்ரிஸ்க் மதிப்பெண் முறையில் எட்டே கேள்விகள்: வயது, உயரத்துக்கேற்ற எடை, இடுப்புச் சுற்றளவு, தினசரி உடலுழைப்பு, காய்கனி உண்ணும் வழக்கம், ரத்தக் கொதிப்பு மாத்திரை, எப்போதாவது சர்க்கரை கூடுதலாக இருந்ததா, குடும்பத்தில் யாருக்கும் உண்டா. மொத்தம் 26 மதிப்பெண். 15ஐத் தொட்டாலோ தாண்டினாலோ ஆபத்து அதிகம். உங்கள் மக்களுக்கென்றே சோதித்துப் பார்த்த மதிப்பெண் முறை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். காரணம், எடையின் எல்லைகள் எல்லா மக்களுக்கும் ஒன்றல்ல. ஆசிய மக்களில் உடல் நிறை எண் (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ) 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் சொன்னது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்களைக் கேள்வித்தாளில் தனியாகக் கேளுங்கள். பின்னாளில் அவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். குழந்தை பிறந்த பிறகு மறுபரிசோதனைக்குப் போகாதவர்கள் நிறையப் பேர்.

இடுப்பை அளப்பதில் நடக்கும் தவறு சின்னது, ஆனால் மதிப்பெண்ணையே மாற்றிவிடும். பேன்ட் கட்டும் இடத்தில் அளக்கக்கூடாது. கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், நாடா தரைக்கு இணையாக இருக்கும்படி அளக்க வேண்டும். பெண்களை அளக்கப் பெண் தன்னார்வலரும் ஒரு திரையும் வேண்டும். திரை இல்லாத இடத்தில் ஆடைக்கு மேல் குத்துமதிப்பாக ஒரு எண்ணை எழுதிவிடுவார்கள்.

அறிவிப்பில் "வெறும் வயிற்றில் வரவும்" என்று பொதுவாகப் போட்டுவிடுவது ஆபத்தானது. ஏற்கெனவே இன்சுலின் போடுபவர்களும், கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் சல்போனைல்யூரியா வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் மருந்தை எடுத்துக்கொண்டு பட்டினியாக வந்து வரிசையில் நின்றால், சர்க்கரை தாழ்ந்து அங்கேயே மயங்கி விழக்கூடும். இப்படி எழுதுங்கள்: "இதுவரை நீரிழிவு கண்டறியப்படாதவர்கள் மட்டும் எட்டு மணி நேரம் உணவில்லாமல் வரவும், தண்ணீர் குடிக்கலாம். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள் வழக்கம்போல் சாப்பிட்டு, மருந்து எடுத்துக்கொண்டு, மருந்துச் சீட்டோடு வரவும்." வெறும் வயிற்றுப் பரிசோதனையைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

விரல்நுனியில் நடக்கும் தவறுகள்

குளுக்கோமீட்டர் நோயை உறுதி செய்யும் கருவி அன்று. 2013ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 15197 தரவிதிப்படி, சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருக்கும்போது, அளவுகளில் 95 சதவீதமாவது உண்மையிலிருந்து 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம், அதற்குள் அடங்க வேண்டும். உண்மையில் 126 உள்ள ஒருவருக்கு மீட்டர் 107 காட்டினாலும் 145 காட்டினாலும் அது நல்ல மீட்டர்தான். ஆகவே முகாமில் யாரிடமும் "உங்களுக்கு நீரிழிவு இருக்கிறது" என்றோ "உங்களுக்கு இல்லை" என்றோ சொல்லக்கூடாது. தன்னார்வலர் பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

மீட்டரின் எல்லைக்கு மேல் நாமே சேர்க்கும் பிழைகள் வேறு. விரலில் பழச்சாறோ இனிப்போ ஒட்டியிருந்தால் அளவு தாறுமாறாக ஏறும். சானிடைசர் அந்தச் சர்க்கரையைச் சரியாக நீக்காது. சோப்பும் ஓடும் தண்ணீரும் உள்ள இடத்தில் கை கழுவித் துடைத்து முழுதாக உலர்த்த வேண்டும். ஆல்கஹால் பஞ்சால் துடைத்தால் அது காய்ந்த பிறகே குத்த வேண்டும். குத்துவது விரல்நுனியின் பக்கவாட்டில்; நடுவில் குத்தினால் வலி அதிகம். ரத்தம் வரவில்லை என்று விரல்நுனியை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறும். கையைக் கீழே தொங்கவிட்டு உள்ளங்கையிலிருந்து விரல் நோக்கி மெதுவாக நீவினால் துளி வந்துவிடும். கை கழுவ வழியே இல்லாவிட்டால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள்.

ஸ்ட்ரிப்புக்கு ஈரப்பதமும் வெப்பமும் எதிரி. ஒன்றை எடுத்ததும் குப்பியை உடனே மூட வேண்டும். அவசரத்தில் பத்து ஸ்ட்ரிப்பை எடுத்து மேசைமேல் பரப்பி வைப்பதை எல்லா முகாமிலும் பார்க்கலாம், தடுத்து நிறுத்துங்கள். பெரும்பாலான மீட்டர்கள் 10 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் சரியாக வேலை செய்யும். வெயிலில் நின்ற வண்டிக்குள் இரண்டு மணி நேரம் இருந்த பெட்டியை அப்படியே பயன்படுத்தக்கூடாது. முகாம் தொடங்கும் முன்பும், புதிய குப்பி திறக்கும்போதும், ஒவ்வொரு மீட்டரையும் அதற்குரிய கன்ட்ரோல் கரைசலால் (சர்க்கரை அளவு முன்பே தெரிந்த திரவம்) சோதித்து எண்ணைக் குறித்துவையுங்கள். எண் குப்பியில் அச்சிட்ட வரம்புக்கு வெளியே போனால் அந்த மீட்டர் அன்று வேண்டாம்.

தொற்று விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது. லான்செட் என்ற குத்தும் ஊசியை மட்டும் மாற்றிக்கொண்டு, அதைப் பொருத்தும் பேனாவை எல்லோருக்கும் ஒன்றாகப் பயன்படுத்துவதால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி பரவிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. அந்த வைரஸ் உலர்ந்த ரத்தத்தில் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். ஒருமுறை குத்தியதும் ஊசி தானாக உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும் பாதுகாப்பு லான்செட்டுகளை மட்டும் வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் புதிய கையுறை. இடையில் கை சுத்தம். மீட்டரையும் ஒவ்வொருவருக்குப் பின்னும் தயாரிப்பாளர் சொல்லும் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். லான்செட் போடும் பெட்டி ஊசி துளைக்காததாக, ஒவ்வொரு மேசையிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிடுங்கள். அதை யார் எடுத்துப்போய் அழிப்பார்கள் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தால் ஒருவருக்கு நான்கு நிமிடம் ஆகும். ஒரு மேசையில் மணிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பேர். மூன்று மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு எண்பது பேர். அதற்கு மேல் கூட்டினால் முதலில் கைவிடப்படுவது கையுறையும் கை கழுவலும்தான். பொருள் வாங்கும்போது எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்கு மேல் ஸ்ட்ரிப்பும் லான்செட்டும் 15 சதவீதம் கூடுதலாக இருக்கட்டும். துளி போதாமல் வீணாவதும் கன்ட்ரோல் சோதனைக்குப் போவதும் அதில் அடங்கிவிடும்.

எண்ணை உரக்கப் படிக்காதீர்கள். சீட்டில் எழுதி மடித்துக் கொடுங்கள். பக்கத்தில் முதலாளியோ சம்பந்தி வீட்டாரோ நிற்கலாம்.

எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்பதை மருத்துவரோடு பேசி ஒரு அட்டையில் எழுதி எல்லா மேசையிலும் ஒட்டுங்கள். நடைமுறைக்கு உகந்த ஒரு வகைப்பாடு இது: வெறும் வயிற்றில் 100க்கு மேல், அல்லது சாப்பிட்ட எந்த நேரத்திலும் 140க்கு மேல் என்றால் ஆய்வகப் பரிசோதனைக்கு நாள் குறிக்க வேண்டும். 200க்கு மேல் என்றால் ஒரு வாரத்துக்குள் மருத்துவர். 300க்கு மேல் போனாலோ, எந்த எண்ணாக இருந்தாலும் வாந்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு, குழப்பம் இருந்தாலோ அன்றே மருத்துவமனை, துணைக்கு ஒருவரோடு. நோயை உறுதி செய்வது ஆய்வகத்தின் வேலை: வெறும் வயிற்றில் 126, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200, அல்லது இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம், அல்லது இவற்றுக்கு மேல். அறிகுறிகள் இல்லாதவருக்கு இப்படி இரண்டு முடிவுகள் வேண்டும். ரத்தசோகையோ ஹீமோகுளோபின் மாறுபாடோ உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி தவறாக வழிகாட்டலாம் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள்

எந்த முகாமுக்கும் இவர்கள் கணிசமாக வருவார்கள். மறுபடி ஒரு விரல்குத்தல் செய்து அனுப்பினால் அவர்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. தனி மேசை போட்டுப் பாதத்தைப் பாருங்கள். காலணியையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லி விரலிடுக்கு, குதிகால், காய்ப்பு, காயம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். உணர்ச்சி இருக்கிறதா என்று அறியக் கருவியே இல்லாத ஒரு வழி உண்டு, இப்ஸ்விச் தொடு சோதனை. கண்ணை மூடச் சொல்லி, இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் சுட்டுவிரலால் ஓரிரு வினாடி மெல்லத் தொடுங்கள். தட்டவோ அழுத்தவோ கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதத்துக்கு ஆபத்து இருக்கிறது. பரிந்துரைச் சீட்டு கொடுங்கள். 10 கிராம் மோனோஃபிலமென்ட் (பாத உணர்ச்சியைச் சோதிக்கும் நைலான் இழை) வைத்திருந்தால் காய்ப்பின் மேல் வைக்காதீர்கள். ஒரே இழையை வரிசையாகப் பலருக்குப் பயன்படுத்தினால் அது தளர்ந்துபோகும் என்பதால் மாற்று இழை வேண்டும்.

இன்சுலின் போடுபவர்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டுக் கொழுப்புக் கட்டி வந்திருக்கும். அந்தக் கட்டியில் போடும் மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது. பேனாவை அழுத்தியதும் உடனே உருவிவிடுவார்கள். பத்து வரை எண்ண வேண்டும். ஒரு நர்ஸ் பத்து நிமிடம் செலவழித்து இதைத் திருத்தினால், அது அவருக்கு அன்றைய மேடைப் பேச்சு முழுவதையும்விட அதிகம் உதவும்.

முகாமில் குளுக்கோஸ் பொடி அல்லது மாத்திரை கட்டாயம் இருக்க வேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்போடு அளவு 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மீண்டும் 15 கிராம். நினைவில்லாதவருக்கு வாயில் எதுவும் கொடுக்கக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள்.

மேடையும் நாளும்

நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் பேன்டிங் 1891இல் பிறந்த நாள் அது. 1991இல் தொடங்கி, 2006இல் ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானத்தால் அதிகாரபூர்வமானது. நீல வட்டம் அதன் சின்னம். அன்று நடைப்பயணம், பள்ளிச் சுவரொட்டி என்று செய்தி பரப்பும் வேலையை வைத்துக்கொள்ளலாம். பரிசோதனை முகாமை வேறு மாதத்தில் நடத்துவதே நல்லது என்பது என் கருத்து. நவம்பரில் எல்லாரும் ஒரே மருத்துவர்களைத் தேடுவார்கள். தொடர்ந்து பார்க்க வேண்டிய வாரங்கள் ஆண்டு இறுதி விடுமுறையில் போய் விழும்.

நடைப்பயணத்தில் பாத உணர்ச்சி இழந்தவர்களைக் கவனியுங்கள். புதுக் காலணியோடு மூன்று கிலோமீட்டர் நடந்து கொப்புளம் வந்தால் அவர்களுக்குத் தெரியாது. கிளம்பும் முன்பும் முடிந்த பின்பும் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேச்சுக்குப் பதினைந்து நிமிடம், ஒரே செய்தி. கணையத்தின் படத்தில் தொடங்கிச் சிறுநீரகம், கண், இதயம் என்று எல்லாச் சிக்கல்களையும் அடுக்கும் ஸ்லைடுகள் பயத்தை மட்டும் விட்டுச்செல்லும். சர்க்கரை கூடியும் நீரிழிவு அளவை எட்டாமல் எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல நம்மிடம் திடமான செய்தி இருக்கிறது. 2002இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்ற இரண்டு இலக்குகளோடு வாழ்க்கைமுறையை மாற்றிய குழுவில், நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்த குழுவில் 31 சதவீதம். 80 கிலோ எடையுள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோ சொச்சம். எண்ணைக் கிலோவாக மாற்றிச் சொன்னால்தான் அது எட்டக்கூடியது என்று புரியும். பேசி முடித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். பாதிப் பேர் பதில் சொல்லவில்லை என்றால் பேச்சாளர் மறுபடி சொல்லட்டும்.

"இன்சுலின் கடைசிக் கட்டம்", "நன்றாக இருந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்ற இரண்டு தவறான நம்பிக்கைகளும் நிறையப் பேரைச் சிகிச்சையிலிருந்து விலக்குகின்றன. கேள்வி நேரத்தில் யாரும் எழுப்பாவிட்டால் நீங்களே எழுப்பிப் பதில் சொல்ல வையுங்கள். நீரிழிவை "முழுதாகக் குணமாக்கும்" பொடியோ சூரணமோ விற்பவர்களுக்கு ஸ்டால் கொடுக்காதீர்கள், எவ்வளவு நன்கொடை தந்தாலும். இலவச மீட்டர் தரும் நிறுவனத்திடம் ஸ்ட்ரிப் என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். ஸ்ட்ரிப் வாங்க முடியாதவர் வீட்டில் அந்த மீட்டர் பயன்படாது.

யார் வரவில்லை என்பதையும் பாருங்கள். வார நாள் காலையில் வைத்தால் ஓய்வுபெற்றவர்களும், ஏற்கெனவே உடல்நலத்தில் அக்கறையுள்ளவர்களும்தான் வருவார்கள். முப்பது நாற்பது வயதில் ஷிப்டில் வேலை பார்ப்பவர்களையும், வீட்டில் முதியவரையோ குழந்தையையோ பார்த்துக்கொள்ளும் பெண்களையும் அடைய வேண்டுமானால், வேலையிடத்தில் ஷிப்ட் மாறும் நேரத்திலோ மாலையிலோ நடத்த வேண்டும். அப்போது வெறும் வயிற்றுப் பரிசோதனை சாத்தியமில்லை. கேள்வித்தாளே முக்கிய வடிகட்டியாகும். சாப்பிட்ட நேரத்தைச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மூன்று மாதம்

பதிவு மேசையிலேயே, பின்னர் தொலைபேசியில் அழைக்கலாமா, எந்த நேரத்தில், வேறு யாராவது எடுத்தால் விஷயத்தைச் சொல்லலாமா என்று கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். 300க்கு மேல் வந்தவர்களை மறுநாளே அழைக்க வேண்டும். மற்றவர்களைக் குறித்த நாளுக்கு முந்தைய நாள் ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை. இந்த வேலைக்கு இரண்டு பேரை முகாமுக்கு முன்பே நியமித்துவிடுங்கள். முகாம் அன்று களைத்துப்போன குழுவில் பிறகு ஆள் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

போகாதவர்களிடம் காரணத்தைக் கேட்டு எழுதிவையுங்கள். பேருந்து வசதி இல்லை, கட்டணம் அதிகம், சம்பளம் போகும், பயம், வீட்டில் சம்மதிக்கவில்லை. பெரும்பாலும் இப்படி ஐந்தாறு காரணங்களுக்குள் அடங்கிவிடும். அதில் பாதியை நாள் மாற்றியோ, உடன் ஆள் அனுப்பியோ தீர்க்கலாம்.

மூன்று மாதத்தின் முடிவில் நன்கொடையாளர்களுக்கும் ஊருக்கும் தரும் அறிக்கையில் நான்கு எண்கள் வரட்டும்: அளவு அதிகமாக வந்தவர்கள், மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தவர்கள், நோய் உறுதியானவர்கள், மூன்றாவது மாதமும் சிகிச்சையில் இருப்பவர்கள். முதல் எண்ணுக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், அடுத்த முகாமுக்கு ஸ்ட்ரிப் எண்ணிக்கையைக் குறைத்து அந்தப் பணத்தைப் போக்குவரத்துக்கும் தொலைபேசி அழைப்புக்கும் ஒதுக்குங்கள். எல்லைக்கோட்டில் இருந்தவர்கள் ஓராண்டில் சர்க்கரையை மறுபடி பார்க்க வேண்டும்; அந்தத் தேதியை அவர்கள் சீட்டிலேயே எழுதிக்கொடுங்கள். கடைசி அழைப்பு முடிந்ததும் பெயரும் எண்ணும் உள்ள தாள்களைக் கிழித்து அழித்துவிட்டு, செல்பேசிகளில் இருக்கும் பட்டியலையும் புகைப்படங்களையும் நீக்கச் சொல்லுங்கள்.